இசட்390 ஹாக்கின்டாஷ்: ஆர்எக்ஸ் 6600 போட்டால் கறுப்புத் திரை, முன்பக்க யூஎஸ்பி 3 போர்ட்டும் எடுக்கவில்லை

வில்லியனூர் எடிட்டர் கேட்டது:

வணக்கம். வீடியோ எடிட்டிங்குக்காகச் சேர்த்த ஹாக்கின்டாஷ் (ஆப்பிள் அல்லாத கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டும் மெஷின்). விவரம்: இசட்390 சிப்செட் போர்டு, ஐ7-9700 (எஃப் வகை இல்லை, உள்ளே யுஎச்டி 630 கிராபிக்ஸ் உண்டு), ஆர்எக்ஸ் 6600 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, ரேம் 32 ஜிபி. மேக்ஓஎஸ் சோனோமா, ஓப்பன்கோர் (மேக்ஓஎஸ்ஸை ஏற்றித்தரும் பூட்லோடர்), எஸ்எம்பயாஸ் ஐமேக்19,1 (மெஷின் தன்னைக் காட்டிக்கொள்ளும் ஆப்பிள் மாடல்). தனி எஸ்எஸ்டியில் விண்டோஸ் 10 இருக்கிறது. இஎஃப்ஐ ஃபோல்டர் (ஓப்பன்கோரும் அதன் அமைப்புகளும் இருக்கும் இடம்) இதே சிப்செட் வைத்திருக்கும் இன்னொருவருடையது.

சிக்கல்கள்:

மானிட்டர் கேபிளை ஆர்எக்ஸ் 6600-ல் செருகினால் ஆப்பிள் லோகோ வருகிறது, கோடு முக்கால்வாசி ஓடுகிறது, பிறகு திரை கறுப்பாகிவிடுகிறது. கேபிளை மதர்போர்டு எச்டிஎம்ஐயில் மாற்றினால் டெஸ்க்டாப் வருகிறது.

கேபினெட்டின் முன்பக்க நீல போர்ட் இரண்டிலும் பழைய பென்டிரைவ் எடுக்கிறது. யூஎஸ்பி 3 எஸ்எஸ்டி செருகினால் ஒன்றுமே தெரிவதில்லை. பின்பக்கத்தில் சில போர்ட் வேலை செய்கிறது, சில செத்துக்கிடக்கிறது. யூஎஸ்பிஇன்ஜெக்ட்ஆல் கெக்ஸ்ட்டும் (கெக்ஸ்ட் என்பது மேக்ஓஎஸ்ஸின் டிரைவர் ஃபைல்) எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் குவிர்க்கும் (யூஎஸ்பி போர்ட் வரம்பை நீக்கும் ஓப்பன்கோர் அமைப்பு) போட்டிருக்கிறது.

ஸ்லீப் கொடுத்தால் மூன்று நொடியில் தானே எழுந்துகொள்கிறது.

எதிலிருந்து தொடங்குவது?

கெடிலக்கரை எழுதியது:

நண்பரே, முதலில் திரை. போர்ட்டை அதற்குப் பிறகு பாருங்கள். இரண்டையும் ஒன்றாக மாற்றினால் எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

தொடுவதற்கு முன் ஒரு பென்டிரைவை எஃப்ஏடி32-ல் ஃபார்மட் செய்து, இப்போதிருக்கும் இஎஃப்ஐ ஃபோல்டரை அப்படியே அதில் வையுங்கள். மாற்றங்களை எல்லாம் அந்தப் பென்டிரைவில் செய்து, அதிலிருந்தே பூட் செய்து பாருங்கள். சரியாக வந்த பிறகுதான் உள் டிஸ்க்குக்குப் போக வேண்டும்.

உங்கள் அறிகுறியே பாதி விடையைச் சொல்கிறது. மதர்போர்டு எச்டிஎம்ஐயில் படம் வருகிறது என்றால், அந்த இஎஃப்ஐயின் சொந்தக்காரர் தனி கார்டு இல்லாமல் யுஎச்டி 630-லேயே மானிட்டரை ஓட்டியவர். கான்ஃபிக் பிளிஸ்ட்டில் (ஓப்பன்கோரின் அமைப்பு ஃபைல்) டிவைஸ் ப்ராப்பர்ட்டீஸ் பகுதியைத் திறந்து, டிவைஸ் 2, ஃபங்ஷன் 0 என்று இருக்கும் பாதையைப் பாருங்கள். ஐஜி-பிளாட்ஃபார்ம்-ஐடி 07009பி3இ என்று இருக்கும் (பி, இ இரண்டும் ஹெக்ஸ் எழுத்துகள்). கூடவே ஃப்ரேம்பஃபர் பேட்ச் வரிகளும் இருக்கும். அது உள் கிராபிக்ஸில் மானிட்டர் மாட்டுபவருக்கான மதிப்பு. உங்களுக்கு ஹெட்லெஸ் (உள் கிராபிக்ஸில் மானிட்டர் மாட்டாதவருக்கான) மதிப்பு வேண்டும்: 0300913இ. இதன் உண்மையான எண் 3இ910003. பிளிஸ்ட்டில் கடைசியிலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகத் திருப்பி எழுத வேண்டும். திருப்பாமல் அப்படியே எழுதிவிட்டு "வேலை செய்யவில்லை" என்பவர்கள் நிறையப் பேர். வகை ‘டேட்டா’வாக இருக்கட்டும், ‘ஸ்ட்ரிங்’காக வேண்டாம். ஃப்ரேம்பஃபர் பேட்ச் வரிகளை நீக்கிவிடுங்கள், ஹெட்லெஸ்ஸுக்கு அவை தேவையில்லை.

மானிட்டரே மாட்டாத உள் கிராபிக்ஸ் எதற்கு என்று கேட்கலாம். நிஜ ஐமேக்19,1-ல் அது எப்போதும் இருக்கும். சிஸ்டமும் அது இருப்பதாக எண்ணியே நடந்துகொள்கிறது. முழுக்க அணைத்துவிட்டு அதே எஸ்எம்பயாஸை வைத்தால் வீடியோ டீகோடிங்கும் படங்களின் ப்ரிவ்யூவும் தடுமாறும். ஆகவே பயாஸில் இன்டர்னல் கிராபிக்ஸை ‘ஆட்டோ’வில் விடாமல் ‘எனேபிள்டு’ ஆக்குங்கள். ஆட்டோவில் இருந்தால் தனி கார்டைக் கண்டதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். முதல் டிஸ்பிளே அவுட்புட் மட்டும் பிசிஐஇ ஸ்லாட்டுக்குப் போகட்டும்.

இனி கறுப்புத் திரைக்கு வருவோம். ஆப்பிளின் கிராபிக்ஸ் பாலிசி டிரைவர், மெஷினின் போர்டு-ஐடியை (எந்த மாடல் என்று சொல்லும் அடையாளம்) பார்த்து எந்த வெளியீட்டை எப்படித் திறப்பது என்று முடிவு செய்கிறது. ஐமேக்19,1-ல் வந்த தனி கார்டுகள் ரேடியான் ப்ரோ 570எக்ஸ், 580எக்ஸ், வேகா 48 போன்றவை. ஆர்எக்ஸ் 6600 போன்ற நவி வகைக் கார்டு அந்த மாடலில் வந்ததே இல்லை. டிரைவர் ஏறும் நேரத்தில் திரை அணைவது அதனால்தான். கோடு முக்கால்வாசி ஓடிய பிறகு நடப்பதற்கும் அதுவே காரணம். அதுவரை நீங்கள் பார்ப்பது ஃபர்ம்வேர் போட்டுக்கொடுத்த படம்.

தீர்வு, பூட் ஆர்க்ஸில் (பூட் ஆகும்போது சிஸ்டத்துக்குக் கொடுக்கும் கட்டளை வரி) ஒரே சொல்: ஏஜிடிபிமாட்=பிகேரா. இது டிரைவர் தேடும் போர்டு-ஐடி என்ற பெயரை போர்டு-ஐஎக்ஸ் என்று மாற்றிவிடுகிறது, சோதனை நடக்காமல் போகிறது. செயல்படுத்துவது வாட்எவர்கிரீன் கெக்ஸ்ட். அதற்கு முன்னால், அது நம்பியிருக்கும் லிலு கெக்ஸ்ட் ஏற வேண்டும். கெர்னல் ஆட் பட்டியலில் லிலு மேலே, வாட்எவர்கிரீன் கீழே. வரிசை தலைகீழாக இருந்தால் வாட்எவர்கிரீன் ஏறாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பூட் ஆர்க்ஸை என்விரேம் (மெஷினை அணைத்தாலும் அழியாத அமைப்பு நினைவகம்) பகுதியின் ‘ஆட்’டில் எழுதினால் மட்டும் போதாது. என்விரேமில் பழைய பூட் ஆர்க்ஸ் ஏற்கெனவே இருந்தால் ஓப்பன்கோர் அதன்மேல் எழுதாது. 7சி436110 என்று தொடங்கும் அதே ஐடியின் ‘டிலீட்’ பட்டியலிலும் பூட்-ஆர்க்ஸ் என்ற பெயரைச் சேர்க்க வேண்டும். அல்லது ஓப்பன்கோர் மெனுவில் ஒருமுறை என்விரேம் ரீசெட் கொடுங்கள். பிகேராவைப் போட்டும் கறுப்பாகவே இருக்கிறது என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

பயாஸில் மற்றவை: சிஎஸ்எம் ஆஃப், அபவ் 4ஜி டீகோடிங் ஆன், ஃபாஸ்ட் பூட் ஆஃப், செக்யூர் பூட் ஆஃப், எக்ஸ்எச்சிஐ ஹேண்ட்-ஆஃப் ஆன், சிஎஃப்ஜி லாக் ஆஃப். ரீசைசபிள் பார் ஆன் செய்திருந்தால் பூட்டர் குவிர்க்ஸில் ரீசைஸ்ஆப்பிள்ஜிபியூபார்ஸ் மதிப்பு 0. ஆஃப் என்றால் -1. இசட்390 என்பதால் எஸ்எஸ்டிடி-பிஎம்சி (எஸ்எஸ்டிடி என்பது போர்டின் வன்பொருளை மேக்ஓஎஸ்ஸுக்கு விவரிக்கும் சிறு ஏசிபிஐ ஃபைல்) இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் இந்தத் தலைமுறை போர்டில் என்விரேம் சரியாக எழுதப்படாது.

எல்லாம் சரியென்றால் சிஸ்டம் ரிப்போர்ட்டின் கிராபிக்ஸ் பக்கத்தில் இரண்டு பெயரும் தெரியும். ஆர்எக்ஸ் 6600-க்கு எதிரே மெட்டல் 3 (ஆப்பிளின் கிராபிக்ஸ் இடைமுகம்) என்று இருக்க வேண்டும். மானிட்டர் அதன் கீழேதான் காட்டப்பட வேண்டும்.

லாஸ்பேட்டை சர்வீஸ் எழுதியது:

கிராபிக்ஸ் பற்றி மேலே சொன்னது சரி. யூஎஸ்பியை நான் சொல்கிறேன் சார்.

அடிப்படை: எல் கேப்பிட்டன் (10.11) தொடங்கி மேக்ஓஎஸ், ஒரு எக்ஸ்எச்சிஐ (யூஎஸ்பி 3) கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுக்கு மேல் ஏற்பதில்லை. ஆனால் நீங்கள் எண்ணும் போர்ட் வேறு, அது எண்ணும் போர்ட் வேறு. ஒரு நீல யூஎஸ்பி 3 துளை அதற்கு இரண்டு போர்ட்: 480 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஒரு எச்எஸ், 5 ஜிபிபிஎஸ் வேகத்துக்கு ஒரு எஸ்எஸ். இசட்390 சிப்செட்டில் எச்எஸ் 14, எஸ்எஸ் 10, யூஎஸ்ஆர் (வெளியே துளை இல்லாதவை) 2, ஆக மொத்தம் 26. வரிசையில் எஸ்எஸ் எல்லாம் கடைசியில் வருவதால் 15-ஐத் தாண்டியதும் வெட்டுப்படுவது அவைதான். முன்பக்கத்தில் பழைய பென்டிரைவ் எடுத்து யூஎஸ்பி 3 எஸ்எஸ்டி எடுக்காததன் காரணம் இதுவாக இருக்கலாம்.

எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட் குவிர்க்கை நம்பாதீர்கள். மேக்ஓஎஸ் 11.3-லிருந்து அது சரியாக வேலை செய்வதில்லை. சோனோமாவில் அதை வைத்திருப்பது குழப்பத்தைத்தான் கூட்டும். அடுத்தவர் மேப்பும் (எந்தத் துளைக்கு எந்த போர்ட் எண் என்ற பட்டியல்) உதவாது. ஒரே சிப்செட் என்றாலும் எந்த எண் எந்தத் துளைக்குப் போகிறது என்பது போர்டு தயாரிப்பவர் இழுத்த கம்பியைப் பொறுத்தது.

உங்களிடம் விண்டோஸ் இருப்பது நல்லது. யூஎஸ்பிடூல்பாக்ஸ் கருவியை அங்கே ஓட்டுங்கள். விண்டோஸுக்கு 15 என்ற வரம்பு கிடையாது, 26 போர்ட்டும் கண்ணுக்குத் தெரியும்.

கையில் ஒரு யூஎஸ்பி 2 பென்டிரைவ், ஒரு யூஎஸ்பி 3 பென்டிரைவ், ஒரு டைப்-சி கேபிளோடு எஸ்எஸ்டி. ஒரு தாளில் கேபினெட்டின் முன்னும் பின்னும் படம் வரைந்துகொள்ளுங்கள். இதைச் சோம்பேறித்தனமாக விட்டால் பாதியில் எது எது என்று மறந்துவிடும். கருவியில் டி விசையை அழுத்தி டிஸ்கவர் பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு துளையிலும் முதலில் யூஎஸ்பி 2, பிறகு யூஎஸ்பி 3 செருகி, பட்டியலில் பெயர் தோன்றும்வரை ஐந்தாறு நொடி காத்திருந்து, தாளில் எழுதுங்கள். ஹப் வழியாகச் செய்யாதீர்கள்.

டைப்-சி துளையில் கேபிளை ஒரு பக்கமாகச் செருகிப் பாருங்கள், பிறகு திருப்பிச் செருகுங்கள். இரண்டு முறையும் ஒரே எஸ்எஸ் வந்தால் அதற்குள் ஸ்விட்ச் இருக்கிறது, கருவியில் கொடுக்க வேண்டிய கனெக்டர் வகை 9. வெவ்வேறு எஸ்எஸ் வந்தால் வகை 10, அது உங்கள் கணக்கில் மூன்று போர்ட்டைத் தின்னும்.

மற்ற வகைகள்: யூஎஸ்பி 2 துளை 0, யூஎஸ்பி 3 துளையின் எச்எஸ், எஸ்எஸ் இரண்டுக்குமே 3, உள்ளே இருக்கும் ப்ளூடூத் போன்றவை 255. கருவி தானே ஊகித்து ஒரு வகையைப் போடும், நம்பி விட்டுவிடாமல் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். ப்ளூடூத்தை 255 ஆக்காமல் விட்டால் ஸ்லீப் தகராறு செய்யும்.

பிறகு எஸ் பக்கத்தில் தேவையான போர்ட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, கே அழுத்தினால் யூடிபிமேப் கெக்ஸ்ட் உருவாகும். அதையும் யூஎஸ்பிடூல்பாக்ஸ் கெக்ஸ்ட்டையும் கெக்ஸ்ட்ஸ் ஃபோல்டரில் போட்டு, கான்ஃபிக்கில் யூஎஸ்பிடூல்பாக்ஸ் முதலிலும் யூடிபிமேப் அதற்கடுத்தும் வருமாறு சேருங்கள். யூடிபிமேப்பில் நிரல் எதுவும் இல்லை, பிளிஸ்ட் மட்டும்தான். அதனால் அதன் எக்ஸிக்யூட்டபிள் பாத் காலியாக இருக்க வேண்டும். யூஎஸ்பிஇன்ஜெக்ட்ஆலை எடுத்துவிடுங்கள். எக்ஸ்எச்சிஐ போர்ட் லிமிட்டை ஆஃப் செய்யுங்கள். பழைய மேப் கெக்ஸ்ட் ஏதாவது ஃபோல்டரில் இருந்தால் அதையும் நீக்குங்கள். இரண்டு மேப் ஒன்றாக ஏறினால் எது ஜெயிக்கும் என்று சொல்ல முடியாது.

எஸ்எஸ்டிடி-இசி-யூஎஸ்பிஎக்ஸ் கட்டாயம் வேண்டும். ஒவ்வொரு போர்ட்டுக்கும் எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்று அதுதான் சொல்கிறது. அது இல்லையென்றால் ஐபேட், ஐபோன் மெதுவாக சார்ஜ் ஆகும், மின்சாரம் அதிகம் கேட்கும் டிஸ்க்குகள் தடுமாறும்.

தேவனாம்பட்டினம் எழுதியது:

மேப் போடுவதற்கு முன் இதையும் பாருங்கள். முன்பக்க போர்ட்டில் அந்த யூஎஸ்பி 3 எஸ்எஸ்டியைச் செருகி, விண்டோஸில் பெரிய ஃபைல் ஒன்றைக் காப்பி செய்யுங்கள். நொடிக்கு 35 முதல் 40 எம்பிதான் ஓடுகிறது என்றால், அல்லது அங்கேயும் தெரியவில்லை என்றால், பிழை மேக்ஓஎஸ்ஸில் இல்லை. எத்தனை மேப் போட்டாலும் சரியாகாது. 400 எம்பிக்கு மேல் ஓடினால் கம்பி நன்றாக இருக்கிறது, தைரியமாக மேப்புக்குப் போகலாம்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் இதை அழுத்திச் சொல்கிறேன். யூஎஸ்பி 3 துளையில் 9 ஊசி: பழைய 4, உள்ளே தள்ளி இருக்கும் புதிய 5. உப்புக்காற்றில் முன்பக்கத் துளைகள் மூடியில்லாமல் கிடந்தால் அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றில் பச்சை பூத்துவிடும். பழைய நான்கு நன்றாக இருப்பதால் பென்டிரைவ் எடுக்கும். புதிய ஐந்தில் ஒன்று போனாலும் 5 ஜிபிபிஎஸ் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் மேக்ஓஎஸ் 15 போர்ட் சிக்கல் போலவே தெரியும்.

மின்இணைப்பைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். பச்சை தெரிந்தால் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும். நன்றாக உலர்ந்த பிறகு மின்சாரம் கொடுங்கள். அரித்துவிட்டிருந்தால் முன்பேனல் கேபிளை மாற்றுவதுதான் வழி. மதர்போர்டில் செருகும் 19 ஊசி ஹெடரையும் கழற்றிப் பாருங்கள், அதில் ஓர் ஊசி வளைந்திருந்தாலும் இதே அறிகுறி. வேலை செய்யாத போர்ட்டுக்கு ரப்பர் மூடி போடுவது கடலோரத்தில் வீண் செலவல்ல.

வில்லியனூர் எடிட்டர் எழுதியது:

நன்றி அண்ணா. பிகேரா போட்டு, டிலீட் பட்டியலிலும் சேர்த்தேன். ஹெட்லெஸ் ஐடியும் மாற்றினேன். ஆர்எக்ஸ் 6600-ல் டெஸ்க்டாப் வந்துவிட்டது, மெட்டல் 3 காட்டுகிறது.

முன்பக்கம் விண்டோஸில் 400-க்கு மேல் ஓடுகிறது, கம்பி நன்றாக இருக்கிறது. யூஎஸ்பிடூல்பாக்ஸ் கணக்கு: பின்னால் யூஎஸ்பி 2 துளை இரண்டு, யூஎஸ்பி 3 துளை நான்கு, டைப்-சி ஒன்று (இரு பக்கமும் ஒரே எஸ்எஸ்). முன்னால் யூஎஸ்பி 3 இரண்டு. உள்ளே ப்ளூடூத் ஒன்று, எல்இடி கன்ட்ரோலர் ஒன்று. கூட்டினால் 18 வருகிறது. எந்த மூன்றை விடுவது? நிரந்தரமாக மாட்டியிருப்பவை கீபோர்டு, வயர்லெஸ் மவுஸ் டாங்கிள், யூபிஎஸ் கேபிள், பிரிண்டர். மற்றவை எஸ்எஸ்டி, கார்டு ரீடர்.

லாஸ்பேட்டை சர்வீஸ் எழுதியது:

2, 8, 2, 4, 1, 1. ஆமாம், 18 சரி.

முதலில் எல்இடி கன்ட்ரோலர். மேக்ஓஎஸ்ஸில் அதற்கு வேலையில்லை. எடுத்துவிட்டால் 17.

மீதி இரண்டுக்குத் துளையையே கொல்ல வேண்டாம், துளையின் ஒரு பாதியை விட்டால் போதும். பிரிண்டரும் யூபிஎஸ்ஸும் 480 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டப் போவதில்லை. பின்பக்க நீலத் துளைகளில் மேலே இருக்கும் இரண்டை அவற்றுக்கு ஒதுக்கி, அவற்றின் எஸ்எஸ் பாதியை மட்டும் தேர்விலிருந்து நீக்குங்கள். அந்த இரண்டின் எச்எஸ் வகையையும் 3-லிருந்து 0 ஆக்குங்கள். 15 ஆகிவிட்டது. எல்லாத் துளையும் உயிரோடு இருக்கும்.

கீபோர்டும் மவுஸ் டாங்கிளும் யூஎஸ்பி 2 துளைகளிலேயே இருக்கட்டும். யூஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பக்கம் இரைச்சல் கிளப்பும். டாங்கிள் பக்கத்துத் துளையில் எஸ்எஸ்டி காப்பி ஓடினால் மவுஸ் இழுத்து இழுத்து நகரும், ஆட்கள் அதை மேப் கோளாறு என்று நினைத்து நாள் கணக்கில் மல்லுக்கட்டுவார்கள்.

தாளில் எழுதியதைத் தூக்கிப்போடாதீர்கள். எந்தத் துளையில் பாதி போனது என்று கேபினெட்டிலேயே சிறு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து அங்கே எஸ்எஸ்டியைச் செருகி "திடீரென்று மெதுவாகிவிட்டது" என்று தேடாமல் இருக்க உதவும்.

மேப் ஏறியதும் சிஸ்டம் ரிப்போர்ட்டின் யூஎஸ்பி பக்கத்தில் ஒவ்வொரு டிவைஸுக்கும் வேகத்தைப் பாருங்கள். எஸ்எஸ்டிக்கு 5 ஜிபி என்றோ அதற்கு மேலோ வர வேண்டும். 480 எம்பி என்று வந்தால் அந்தத் துளையின் எஸ்எஸ் விட்டுப்போயிருக்கிறது.

லாஸ்பேட்டையில் புதியவன் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. 6600 கிடைக்காவிட்டால் 6650 எக்ஸ்டியோ 6700 எக்ஸ்டியோ வாங்கலாமா?

கெடிலக்கரை எழுதியது:

6600, 6600 எக்ஸ்டி இரண்டும் மேக்ஓஎஸ் 12.1 முதல் நேராக எடுக்கும். 6650 எக்ஸ்டியில் டிவைஸ் ஐடியை 6600-இன் ஐடியாக மாற்றிக்காட்ட வேண்டும், அவ்வளவுதான், ஓடும். 6700 எக்ஸ்டிக்கு ஆப்பிள் டிரைவர் இல்லை. நூட்ஆர்எக்ஸ் என்ற தனி கெக்ஸ்ட்டை நம்பி இருக்க வேண்டும். வேலைக்கான மெஷினுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 6400, 6500 எக்ஸ்டி, 7000 வரிசை, என்விடியா ஆர்டிஎக்ஸ் எதுவும் வேண்டாம், இவை எதற்குமே டிரைவர் கிடையாது. ஆர்எக்ஸ் 580 பழையதாகக் கிடைத்தால் அதற்கு பிகேராகூடத் தேவையில்லை, ஆனால் மைனிங்கில் வதங்கிய கார்டா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. இன்டெல் மெஷினுக்கு வரும் கடைசி மேக்ஓஎஸ் 26 டஹோ. அதிலும் ஐமேக்19,1-க்கு இடமில்லை, ஐமேக்20,1-க்கு இருக்கிறது. புதிதாகச் செலவு செய்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஆப்பிளின் உரிம ஒப்பந்தம் ஆப்பிள் கணினிகளுக்கு மட்டும்தான் அனுமதி தருகிறது என்பதையும் தெரிந்தே செய்யுங்கள்.

வில்லியனூர் எடிட்டர் எழுதியது:

15-க்குள் அடங்கிவிட்டது. முன்பக்கத்தில் எஸ்எஸ்டி முழு வேகத்தில் எடுக்கிறது. ஸ்லீப் முன்னைவிடப் பரவாயில்லை, ஆனால் பத்து முறையில் மூன்று முறை உடனே எழுந்துவிடுகிறது.

தேவனாம்பட்டினம் எழுதியது:

டெர்மினலில் பிஎம்செட் கட்டளையின் பதிவில் ‘வேக்’ என்று தொடங்கும் கடைசி வரிகளைப் பாருங்கள். காரணமாக எக்ஸ்எச்சி என்று வந்தால் யூஎஸ்பி, ஜிஎல்ஏஎன் என்று வந்தால் நெட்வொர்க்.

நெட்வொர்க் என்றால் எனர்ஜி செட்டிங்கில் ‘வேக் ஃபார் நெட்வொர்க் ஆக்சஸ்’ஐ அணையுங்கள், பயாஸில் வேக் ஆன் லேனையும் அணையுங்கள். பவர் நாப்பும் வேண்டாம்.

யூஎஸ்பி என்றால் முதலில் டாங்கிளைப் பிடுங்கிவிட்டு ஐந்து முறை ஸ்லீப் கொடுத்துப் பாருங்கள். மேசை அதிர்ந்தாலே சில மவுஸ் சிக்னல் அனுப்பிவிடும். பிறகும் எழுந்தால், உடனே எழுவதைத் தடுக்கும் எஸ்எஸ்டிடி-ஜிபிஆர்டபிள்யூ போட்டு, ஏசிபிஐ பேட்ச் பகுதியில் ஜிபிஆர்டபிள்யூவை எக்ஸ்பிஆர்டபிள்யூ என்று பெயர் மாற்றும் வரியையும் சேருங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் பலன் இல்லை. சில போர்டுகளில் அந்த மெத்தட் யூபிஆர்டபிள்யூ என்ற பெயரில் இருக்கும், உங்கள் டிஎஸ்டிடியை (போர்டின் மூல ஏசிபிஐ ஃபைல்) திறந்து எது என்று தேடிவிட்டுச் செய்யுங்கள். இதைப் போட்ட பிறகு கீபோர்டைத் தட்டினால் மெஷின் எழாது, பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டும்.

யூபிஎஸ் பற்றி: கேபிள் மாட்டியதும் எனர்ஜி செட்டிங்கில் யூபிஎஸ் பகுதி தானே தோன்றினால் அது ஹெச்ஐடி வகை, மேக்ஓஎஸ் டிரைவர் இல்லாமலே பேசும். பேட்டரி இத்தனை சதவீதத்துக்கு இறங்கினால் அணை என்று அங்கேயே வைத்துவிடலாம். மழைக்காலத்தில் கரண்ட் போகும் நேரம் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தால் ஏபிஎஃப்எஸ் (மேக்ஓஎஸ்ஸின் ஃபைல் சிஸ்டம்) டிஸ்க்குக்கு இது பெரிய பாதுகாப்பு. அந்தப் பகுதி தோன்றாவிட்டால் கேபிளைப் பிடுங்கிவிட்டு அந்த போர்ட்டை வேறெதற்காவது கொடுங்கள். பேசாத யூபிஎஸ்ஸுக்கு 15-ல் ஒன்றைச் செலவழிக்க வேண்டாம்.

வில்லியனூர் எடிட்டர் எழுதியது:

ஜிஎல்ஏஎன்தான் காரணம். வேக் ஆன் லேனை அணைத்ததும் பத்துக்குப் பத்து தூங்குகிறது, ஜிபிஆர்டபிள்யூ தேவைப்படவில்லை. யூபிஎஸ் பகுதியும் தோன்றிவிட்டது, 40 சதவீதத்தில் அணையும்படி வைத்திருக்கிறேன். பென்டிரைவிலிருந்த இஎஃப்ஐயை இப்போது உள் டிஸ்க்குக்கு மாற்றப் போகிறேன்.